லோதி ரோட்டில் சத்தமில்லாத வேன்

டில்லியில் புதிதாக விட்டிருக்கும் பாட்டரி வேனில் உட்கார்ந்திருக்கிறேன். புகை இல்லை, உறுமல் இல்லை. கோயமுத்தூரில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்!

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க சார்" என்கிறார் பக்கத்து சீட்டு கணபதி. திருநெல்வேலிக்காரர், தினமும் இதில்தான் ஆபீஸ் போகிறார். "ஒரு சார்ஜுக்கு இவங்க சொன்ன தூரத்துல பாதிகூட ஓடாது. மந்திர் மார்க் ஸ்டாப் வர்றதுக்குள்ள படுத்துரும். எறங்கித் தள்ளணும். குளிருதான் காரணம்னு டிரைவர் சொல்லுதாரு."

முன்னால் ஸ்வெட்டரும் மஃப்ளருமாகச் சைக்கிள் கூட்டம். இந்த ஊரில் ஹார்னை யாரும் மதிப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் இன்ஜின் இரைந்தால்தான் ஒதுங்குகிறார்கள். எங்கள் வண்டி இரையவே இல்லை. டிரைவர் பிரேக் போடுகிறார், கிளப்புகிறார், மறுபடி பிரேக். கிளப்பும்போதெல்லாம் சார்ஜ் முள் தடாலென்று சரிகிறது.

எனக்குப் பிடிபட்டுவிடுகிறது. "குளிர் மட்டும் இல்லைங்க! நின்னு நின்னு கிளம்பறதுலயே பாதி கரண்ட் போயிடுது. நாம வர்றதே அவங்களுக்குக் கேக்கலை!"

கணபதி முள்ளைப் பார்க்கிறார், சைக்கிள்களைப் பார்க்கிறார். "அச்சா!" என்று ஜன்னல் வழியே தலையை நீட்டி, லாரி மாதிரி "ட்ர்ர்ர்ர்" என்று உறுமுகிறார். சைக்கிள்கள் பதறி விலகுகின்றன. டிரைவர் சிரித்துக்கொண்டே நிற்காமல் ஓட்டுகிறார். அடுத்த நிமிஷம் வேன் மொத்தமும் உறுமுகிறது, நானும்தான்.

மந்திர் மார்க் வந்துவிட்டது. யாரும் தள்ளவில்லை. கணபதி ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். உறுமி உறுமித் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வருகிறது. வண்டியில் இன்னும் சார்ஜ் இருக்கிறது.