மீனின் தலை எந்தப் பக்கம்

மக்களே, நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது போனில் ஒரு மீன்கொத்திப் படத்தைக் காட்டி, "அப்பா, இது ஆணா பெண்ணா?" என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். "இந்தச் சின்ன நீல மீன்கொத்தியில் கீழ் அலகு கருப்பாக இருந்தால் ஆண், சிவந்திருந்தால் பெண்" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. அதை எனக்குச் சொல்லித்தந்தவரின் ஞாபகம் வந்துவிட்டது. வாயால் சொன்னால் மறுபடி பாதியில் எழுந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அவரை நாங்கள் ஸ்டுடியோ அண்ணன் என்போம். கரமனையில் அக்ரகாரத் தெரு முனையில் கடை. கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுப்பது பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத நாளில் கேமராவோடு ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார். அப்போது நான் அங்கே கரைக்குக் கருங்கல் கட்டும் வேலையில் கொத்தனாராக இருந்தேன். எங்கள் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால்தான் அவர் ஒளிந்து உட்காருவார். "பாருங்கோ கொத்தனாரே, பொண்ணுக்கு மட்டும் லிப்ஸ்டிக். அதுவும் கீழ் உதட்டுல மட்டும். மேக்கப் பாதியில நின்னுடுத்து" என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டிச் சிரிப்பார். எத்தனையோ மணப்பெண்களை நிமிர்ந்து பார்க்கச் சொன்ன மனிதர், இந்தப் பறவை தானாகத் திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்.

கட்டு நீண்டு நீண்டு ஒரு மண்திட்டை நெருங்கியது. அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அந்த ஜோடியின் கூடு அதற்குள்தான். மழை தொடங்கும் முன் முடிக்கவேண்டிய வேலை. நின்றால் எங்களுக்குக் கூலியும் நிற்கும். அண்ணன் சூப்பர்வைசரிடம் போய், குஞ்சு பறக்கிறவரை அந்த இடத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினார். சூப்பர்வைசர் மலையாளி, கேலி பேசினாலும் ஆள் கெட்டவர் இல்லை. "எந்தா சேட்டா, இவிடெயும் கல்யாணமோ? பெண்ணு எவிடே? கொறச்சு நாளாயிட்டு ஒற்ற பட்சியே காணுன்னுள்ளூ" என்றார். பெண் எங்கே, கொஞ்ச நாளாக ஒற்றைப் பறவைதான் கண்ணில் படுகிறது என்பது அவர் வாதம். ஜோடியாக வந்தால் காத்திருக்கலாம், ஒன்று மட்டும் என்றால் அது விட்டுப்போன கூடு என்று முடிவு சொன்னார். அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் அண்ணன் தலையிலேயே விழுந்தது.

ஒரு காலை முழுவதும் படம் எடுத்தார். எங்கள் சத்தத்துக்குப் பயந்து பறவை பொந்துப் பக்கம் போகவில்லை. எதிரே நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் வந்து வந்து உட்கார்ந்தது. உச்சி வெயிலில் கேமராவின் சின்னத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு எல்லோரும் குனிந்து பார்த்தோம். எல்லாப் படத்திலும் கீழ் அலகு கருப்பு. வாயில் மீன் இருந்ததும் தெரிந்தது. ஆனால் எங்கள் கண் அலகின் நிறத்திலேயே நின்றுவிட்டது.

பொய் சொல்லியிருக்கலாம். சிவப்பு என்று அவர் சொல்லியிருந்தால் அந்த வெயிலில் யார் மறுத்திருப்பார்கள்? அண்ணன் தலையைத் தூக்காமல், "ஆண் மட்டும்தான் வரது. பொண்ணைக் காணோம்" என்றார். சாயங்காலத்துக்குள் பொந்தின் வாயில் கல் ஏறிவிட்டது. அந்தக் கல்லை வைத்தது நான்தான்.

வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கடையில் பெரிய கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். "கொத்தனாரே, மீனோட தலை வெளிப்பக்கம் பார்த்திருக்கு. தான் முழுங்கறதுன்னா தலையை உள்பக்கமா வச்சுக்கும். இது யாருக்கோ ஊட்ட எடுத்துண்டு வந்திருக்கு. உள்ள குஞ்சு இருக்கு. ஆணா பொண்ணான்னே பார்த்துண்டிருந்துட்டேனே!" சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை என்றார்.

மக்களே, அண்ணன் சொன்னது பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால், கேட்காத கேள்வியை நாம் தேடுவதில்லை. எனக்கு அன்றைக்குப் பிடிபட்டது அதுதான். மறுநாளே மழை பிடித்தது, ஆறு ஏறியது, எங்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் அப்புறம் பறவைப் படமே எடுக்கவில்லை. அவர் போன் செய்தபிறகு நான் செய்ததை, கீழே எழுதுகிறேன், அவரிடம் சொன்னேன். "பலிச்சுதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது.

போன் வந்த அந்தச் சாயங்காலம் நான் தனியாகத் திரும்பிப் போனேன். சாந்து இறுகியிருக்கவில்லை. கடப்பாரையால் கல்லை நெம்பி எடுத்து, பொந்தில் காதை வைத்தேன். மீன்நாற்றம். உள்ளே வெகு ஆழத்தில், தையல் மிஷின் மெதுவாக ஓடுவதுபோல் ஒரு கிர்ர் சத்தம். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வடிய கல்லிடையில் நாங்கள் பிவிசி குழாய் வைப்பது வழக்கம். அதில் அகலமான துண்டு ஒன்றை எடுத்துப் பொந்துக்கு நேராக வைத்து, சுற்றிலும் சில்லுக்கல் அடுக்கிப் பூசினேன். குழாய் வாயில் ஒட்டிய சிமெண்டை விரலால் வழித்தேன். நிமிர்ந்தபோது கம்பியில் அது உட்கார்ந்திருந்தது, வாயில் மீனோடு. மீனின் தலை வெளியேதான் இருந்தது. நான் நிற்கும்வரை அது இறங்காது. பூசிய கரண்டியைக்கூடக் கழுவாமல் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.