மரியாதையாகத் தோற்பது எப்படி?

போன மாதம் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் நான்காவதாக வந்தேன்.

இதில் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் ஓட்டத்தின் லட்சணம் தெரியும். ஆனால் இந்த முறை என்னைத் தோற்கடித்தது கால் இல்லை... வாய்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்து மூன்று. கோவையின் வடக்கு ஓரத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி மோட்டார் பம்ப் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரம் ஓட ஆரம்பித்தேன். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் நிறுத்தத் தெரியவில்லை. காலையில் ஓடுவது, பகலெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து முழங்காலைத் தடவுவது – இதுதான் என் விளையாட்டு வாழ்க்கை.

வீட்டில் மெடல்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் ஓடி முடித்தவர்களுக்குக் கொடுக்கிற மெடல். கடைசியாக வந்தாலும் கொடுப்பார்கள். ஜன்னல் திரை காற்றில் பறக்காமல் இருக்க என் மனைவி அவற்றைத் திரையின் அடியில் கோர்த்துக் கட்டியிருக்கிறாள். நன்றாகவே வேலை செய்கின்றன.

மேடை ஏறி வாங்கிய மெடல் ஒன்றுகூடக் கிடையாது. அது எனக்கு உறுத்தல்தான். இந்த வயதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் பகுதியில் ஒரு மைதானம் இருக்கிறது. சுற்றிலும் காம்பவுண்ட் சுவர், ஒரு இரும்பு கேட், நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடித் தேய்த்த செம்மண். காலையில் நாங்கள் பத்திருபது பேர் அதைச் சுற்றி ஓடுவோம். இந்த மைதானத்தை, பக்கத்து மார்க்கெட்டுக்கு வருகிற வண்டிகளுக்குப் பார்க்கிங் ஆக்கிவிடுவது என்று எங்கள் கவுன்சிலருக்கு ஒரு யோசனை வந்தது.

எனக்கு மைதானம் போனால் ரோடு இருக்கிறது. அம்சவேணிக்கு அது கிடையாது.

அம்சவேணி மைதானத்து கேட்டுக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிறார். நாற்பது வயதில் ஷூ வாங்கி, சுடிதாரோடு ஓட ஆரம்பித்தவர். எங்கள் குழுவில் நன்றாக ஓடுகிற ஒரே ஆள் அவர்தான் என்பதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. காம்பவுண்டுக்குள் ஓடுவதென்றால் ஓடிக்கொள், ரோட்டில் கூடாது என்பது அவர் வீட்டில் போட்ட கண்டிஷன். ரோட்டில் நாய் துரத்தினால்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் சொந்தக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ‘ஏன் அம்மணி ஓடற, ஊட்டுல ஏதாச்சும் சண்டையா?’ என்று விசாரித்தால் என்ன பதில் சொல்வது? அப்படி விசாரித்த ஒரு சித்தப்பா, சமாதானம் பேச நேராக வீட்டுக்கே போய்விட்டாராம்.

“கேட்டுக்குப் பூட்டுப் போட்டா, எம்பட ஓட்டமும் அதோட முடிஞ்சுதுங்ணா,” என்றார் அம்சவேணி. அழவெல்லாம் இல்லை. பிளவுஸ் அளவு சொல்கிற குரலில் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கவுன்சிலரைப் பார்த்து மனு கொடுத்தோம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காபி வரவழைத்தார். அவசியம் செய்துபோடலாம் என்றார். எங்கள் ஊரில் இதுதான் பெரிய சங்கடம்... யாரும் முடியாது என்று சொல்லவே மாட்டார்கள். முடியாது என்பதை நாமேதான் வீட்டுக்குப் போய்ப் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்த வாரம் மைதானத்தை அளக்க ஆட்கள் வந்தபோது புரிந்துகொண்டோம்.

இதற்கிடையில்தான் அந்தப் பந்தயம். பரிசு கொடுக்க வருகிறவர் கவுன்சிலருடைய கட்சியின் மூத்த தலைவர். அவர் சொன்னால் கவுன்சிலர் தட்டமாட்டார். அவரை வீட்டில் போய்ப் பார்ப்பதோ, போனில் பிடிப்பதோ நடக்கிற காரியமில்லை. ஆனால் மேடையில் பொன்னாடை போர்த்துகிறபோது போட்டோகிராபருக்காக ஒரு நிமிடம் பக்கத்திலேயே நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் காதோடு சொல்லிவிட்டால்? உள்ளூர் அரசியலில் பாதி காரியம் காதில்தான் நடக்கிறது. மீதிப் பாதி கல்யாண மண்டபத்தில்.

மேடைக்குப் போக ஒரே வழி, ஜெயிப்பது.

பெண்களுக்கு அன்று ஐந்து கிலோமீட்டர்தான், அதற்கு மேடையும் கிடையாது, ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் நான். முதல் இரண்டு இடங்கள் அன்னூர்க்காரர்கள் இருவருக்கு. அவர்கள் எல்லாப் பந்தயத்திலும் அப்படித்தான். வியர்வைகூட வராது. காலியாக இருப்பது மூன்றாம் இடம். அதற்காக ஒரு மாதம் இட்லியைக் குறைத்து, தூக்கத்தைக் குறைத்து, மைதானத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன். கையில் வாட்ச்சோடு அம்சவேணி விரட்டிக்கொண்டிருந்தார்.

பந்தயம் ஆறு மணிக்கு என்றால் ஆறே முக்காலுக்குத் தொடங்கியது. நடுவில் எல்லாருக்கும் பொன்னாடை. தலைவருக்கு, ஸ்பான்சருக்கு, ஸ்பான்சரின் மச்சானுக்கு, மைக் செட்காரருக்கு. யாரையாவது விட்டுவிட்டால் தப்பாகிவிடும் இல்லையா? கவுன்சிலரும் டி-ஷர்ட் போட்டு, எங்கள் பிரிவின் மஞ்சள் நம்பர் அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றார். கொடி அசைத்ததும் நாலு எட்டு ஓடினார். கை அசைத்தார். காரில் ஏறிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் கூப்பிடாமலேயே ஓடுகிற கூட்டம் ஊரில் இரண்டுதான். ஒன்று நாங்கள், இன்னொன்று அரசியல்வாதிகள். நாங்களாவது பந்தயத்தில் ஓடுகிறோம். அவர்கள் தேர்தலில் நிற்பார்கள். ஜெயித்த பிறகு ஓடுவார்கள்.

எட்டாவது கிலோமீட்டரில் நான் மூன்றாவது. பக்கத்திலேயே பெருந்துறை நாச்சிமுத்து.

நாச்சிமுத்து அங்கே லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். என் வயதுதான். எந்தப் பந்தயத்துக்குப் போனாலும் கடைசி வரை என் தோளோடு தோளாக வருவார். ஒருமுறை அவர் முந்துவார், ஒருமுறை நான். மூச்சு வாங்கிக்கொண்டே மைதானத்துக் கதையை அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்பிடீங்களா? அப்ப நீங்க முன்னால போயிருங்க,” என்றார்.

போயிருக்க வேண்டும். புத்தியுள்ளவன் போயிருப்பான். நான் என்ன செய்தேன்? “ஐயோ, அதெப்படிங்க. நீங்களும் அத்தன தூரம் இருந்து வந்திருக்கீங்க,” என்றேன்.

“அட, பரவால்லீங்க, நீங்க போங்க.”

“இல்லீங்க, நீங்க போங்க.”

கடைசி ஒன்றரை கிலோமீட்டரும் இதேதான். உலகத்தில் வேறெங்காவது பந்தயத்தில் இப்படி நடக்குமா தெரியவில்லை. பந்தி முடிந்து கை கழுவப் போகிறவர்கள் மாதிரி, ஒருவரையொருவர் முன்னால் அனுப்பிக்கொண்டே ஓடினோம். வேகம் குறைந்தது. ஆனாலும் பின்னால் வெகுதூரத்துக்கு யாரும் இல்லை. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் கடைசியாக ஒருமுறை சொல்லும்போது, சரிங்க என்று முன்னால் போய்விடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

கடைசித் திருப்பத்தில் ஒரு கார் நின்றிருந்தது. நாங்கள் அதைத் தாண்டினோம். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே தடதடவென்று காலடிச் சத்தம்.

“ஏனுங்ணா, கொஞ்சம் வழி...”

திரும்பிப் பார்த்தோம். கவுன்சிலர்!

இந்த இடத்தில் நான் யோசித்திருந்தால் இந்தப் பத்தியே இல்லை. யோசிக்கவில்லை. உடம்பு தானாக ஒதுங்கியது. நான் இடது பக்கம், நாச்சிமுத்து வலது பக்கம். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது: “வாங்ணா, வாங்ணா, போங்ணா.” கையை நீட்டி வழிகூடக் காட்டினேன் என்று பிறகு போட்டோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கவுன்சிலர் எங்கள் நடுவில் புகுந்து, இரண்டு கையையும் விரித்துக் கோட்டைத் தாண்டினார். மூன்றாவது மஞ்சள் அட்டை. வாலண்டியர் பெண் அவர் கழுத்தில் ரிப்பனைப் போட்டாள்.

மூச்சு திரும்பியதும் அந்தப் பெண்ணிடம் போனேன். அவர் கடைசி இருநூறு மீட்டர்தான் ஓடினார் என்றேன். அது தனக்கும் தெரியும், ஆனால் ரிப்பனைத் திருப்பிக் கொடுக்கும்படி நீங்களே அவரிடம் கேளுங்கள் என்றாள். கேட்கத்தான் போனேன். கவுன்சிலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்களும் நல்லாத்தான் ஓடறீங்க. உடாம பண்ணுங்க,” என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? நன்றிங்க என்றேன்.

மேடையில் தலைவர் கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த ஒரு நிமிடம் வந்தது. கவுன்சிலர் அவர் காதில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். கீழே நாற்காலி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அவமானமாக எனக்கு எந்தப் பந்தயத்திலும் இருந்ததில்லை.

கையில் ஹாட்பாக்ஸோடு அம்சவேணி வந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“ஏனுங்ணா வழி உட்டீங்க?”

பின்னாலிருந்து கூப்பிட்டார், ஒரு மரியாதைக்காக... என்று இழுத்தேன்.

“உங்க மரியாதைய வெச்சுட்டு நான் எங்கீங்க போய் ஓடறது?”

நேராகக் கடைக்குப் போய்விட்டேன். ஒரு ஹெச்பி மோட்டாருக்குப் பேரிங் கேட்டவருக்கு மூன்று ஹெச்பி பேரிங்கை எடுத்துக் கொடுத்தேன். அவரும் மரியாதைக்காக வாங்கிப் போய்விட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார்.

இரண்டு நாள் கழித்து அம்சவேணி கடைக்கு வந்தார். மைதானத்து கேட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்றார். கண்டன ஃப்ளெக்ஸ் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கிழித்துவிடுவார்கள் என்றேன். கண்டனம் யார் சொன்னது என்றார். வாழ்த்து ஃப்ளெக்ஸ்.

போனில் டிசைனைக் காட்டினார். கை விரித்து வருகிற கவுன்சிலர். இரண்டு பக்கமும் குனிந்து வழிவிடுகிற நானும் நாச்சிமுத்துவும். மேலே கொட்டை எழுத்தில்: ‘நமது மைதானத்தில் பயிற்சி பெற்று, மூன்றாம் பரிசு வென்ற ஓட்ட நாயகனே!’ கீழே: இவண், காலை ஓட்டக் குழு.

அவர் இந்த மைதானத்தில் ஒரு சுற்றுகூட ஓடியதில்லையே, இது பச்சைப் பொய் ஆயிற்றே என்றேன்.

“இல்லைன்னு அவரே வந்து சொல்லட்டுமுங்க,” என்றார் அம்சவேணி.

ஃப்ளெக்ஸ் கட்டினோம். கவுன்சிலர் அன்று மாலையே வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்த அந்த மூத்த தலைவரின் கார், கேட்டுக்கு முன்னால் நின்றது. தையல்கடையில் மெஷினை நிறுத்திவிட்டு அம்சவேணி காதைத் தீட்டிக்கொண்டார். தலைவர் கண்ணாடியை இறக்கி, கூடவே வந்திருந்த கவுன்சிலரிடம், நீ இங்கேதான் ஓடுவாயா என்று கேட்டாராம். கவுன்சிலர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். “ஆமாங்கய்யா, தெனமும்,” என்றாராம். நல்ல இடம், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தலைவர் போய்விட்டார்.

பார்க்கிங் பேச்சு அதோடு நின்றது.

தினமும் என்று சொல்லியாகிவிட்டதே... இப்போது கவுன்சிலர் தினமும் வருகிறார். இரண்டு லைட் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூச்சிரைக்க இரண்டு சுற்று வருகிறார். முதல் சுற்றிலேயே அம்சவேணி அவரைப் பின்னாலிருந்து முந்துகிறார். ‘தள்ளுங்ணா’ என்கிறார். அவரும் தள்ளிக்கொள்கிறார்.

ஒரு ஆளை நல்லவன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டால், பாவம், அவரும் எத்தனை நாளைக்குத்தான் மறுப்பார்? கண்டனத்தால் நடக்காத காரியம் கைதட்டலால் நடந்துவிடுகிறது. இதை நான் கொள்கையாகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மைதானம் பிழைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அந்த மூன்றாம் இடத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது என்பதும் நிஜம்.

முந்தாநாள் நாச்சிமுத்து போன் செய்தார். அவர்கள் ஊரிலும் ஒரு மைதானம் இதே சிக்கலில் இருக்கிறதாம். ஆனால் அங்கே காரியம் ஆக வேண்டிய பெரிய மனிதருக்கு மூட்டு வலி, ஓட மாட்டார். அதனால் நடைப் போட்டி ஒன்று வைக்கப் போகிறார்களாம். “நம்மாளு ரொம்ப மெதுவா நடப்பாருங்க. அவருக்கும் பின்னால வரோணும்னா அனுபவமான ஆளு வேணுமுங்க. உங்க நெனப்புத்தான் வந்துது,” என்றார்.

வாரேனுங்க என்றேன். எத்தனாவதாக வர வேண்டும் என்பதை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டேன்.