சுவரில் எழுதிய தேதிகள்

தெருவில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். தையல்காரியிடம் இஞ்சு டேப் இருப்பது உலக வழக்கம். இவள் கையில் ஓர் இரும்பு ஸ்கேலும் சேர்ந்தே இருக்கும். அளவெடுக்கும்போது யாராவது வயிற்றை உள்ளே இழுத்தால் அதட்டுவாள். "மூச்ச விடுங்க. சட்டைகிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

குடியிருப்பின் தரைத்தளத்தில் அவளுக்கு இரண்டே அறை. முன்னறையில் மெஷின். பின்னறையில் கட்டில், கட்டிலில் அவள் வீட்டுக்காரர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து நாலு வருஷமாகிறது. இரண்டு அறைக் கூரையையும் தாங்குவது அவர் தலைமாட்டுச் சுவர்தான். பக்கத்து மனையில் ஆழமாகப் பள்ளம் தோண்ட ஆரம்பித்ததும் அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு ஓடியது. வேறு யாராக இருந்தாலும் பூசி மறைத்திருப்பார்கள். இவள் ஸ்கேலை வைத்தாள். ஒரு மில்லிமீட்டர். பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டாள். அதன் பிறகு மாதம் பிறந்தால் அளப்பாள், எழுதுவாள்.

இருபத்திரண்டு மாதம் சுவர் சாதுவாகத்தான் இருந்தது. ஒன்று மூன்றானது, அவ்வளவுதான். கடைசி இரண்டு மாதத்தில் மூன்று ஒன்பதாகிவிட்டது. அவர் தலையணையில் காரை உதிர்ந்தது.

அதே சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறைக்காரர் குடும்பம். இரண்டு மாதம் முன்பு அவரை நச்சரித்து, தன் பென்சிலையே கொடுத்து, அவர் பக்கத்திலும் அளவு எழுத வைத்தவள் இவள்தான்.

குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வந்தார். மாதத்துக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெடிப்பு விரிந்தால் உடனே மாற்று வீடு, இல்லாவிட்டால் இல்லை, அதுதான் விதி. முதலில் பட்டறைக்காரர் வீட்டுக்குப் போனார். மூன்று ஒன்பதாகியிருக்கிறது, இரண்டு மாதத்தில் ஆறு, அப்படியானால் மாதத்துக்கு மூன்று. அங்கேயே கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டார். பிறகு இங்கே வந்து பென்சில் தேதிகளைப் பார்த்தார்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதி வச்சதில்லம்மா."

அவளுக்கு முகம் மலர்ந்தது, பாவம்.

"முதல் அளவு ஒண்ணு, கடைசி அளவு ஒம்பது. வித்தியாசம் எட்டு. இருபத்துநாலு மாசத்தால வகுத்தா, மாசத்துக்கு மூணுல ஒரு பங்கு." பேனாவை மூடினார். "ஒண்ணுகூட வரலயேம்மா."

"சார், கடைசி ரெண்டு மாசத்தப் பாருங்க. அதுக்கு முன்னாடி அது சும்மாதான் கிடந்துச்சு. இப்பத்தான் சார் ஓடுது."

"படிவத்துல முதல் அளவு, கடைசி அளவுன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. நடுவுல உள்ளத நான் எங்க எழுதுறது?"

"அவங்களுக்கும் இதே சுவருதான சார்."

"சுவரு ஒண்ணுதான். ஃபைல் வேற."

அவள் ஈரத்துணியை எடுத்து வந்தாள். "அழிச்சிடறேன் சார். பழைய தேதி எல்லாத்தயும் அழிச்சிடறேன். நீங்க பாக்கலன்னு வச்சுக்கங்க."

"பாத்துட்டேனேம்மா."

அவர் ஈவிரக்கமில்லாதவர் அல்ல. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ஆறு மாசம் கழிச்சு வருவேன். இன்னிக்கு உள்ள ஒம்பதையே அப்ப முதல் அளவா எடுத்துக்கறேன். பதினஞ்சத் தாண்டியிருந்தா வீடு உண்டு."

இரண்டாம் நாளே பட்டறைக்காரர் சாமான்களை வண்டியில் ஏற்றினார். பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வந்தவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அக்கா, நான் வேணும்னு..." என்று தொடங்கி, முடிக்காமல் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அளக்கச் சோம்பல்பட்டவர் பிழைத்துக்கொண்டார். முதல் நாளே அளந்தவள் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் பிறந்தது. பள்ளத்தில் என்ன தகராறோ, பத்து நாளாக இயந்திரச் சத்தமே இல்லை. அவள் கட்டில்மேல் ஏறி ஸ்கேலை வைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். ஒன்பது. ஸ்கேலின் முனையை வெடிப்புக்குள் விட்டு, ஒரு தடவை நெம்பக்கூடப் பார்த்தாள்.

கீழே படுத்திருந்தவர் கோணிய வாயால் கேட்டார். "கூடலதான?"

"கூடல."

அவர் கண்ணை மூடி நிம்மதியாக மூச்சு விட்டார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அவருக்குக் கேட்காமல் அழுதாள்.