பட்டியலின் கடைசிப் பெயர்

சண்டிலிப்பாயில் பாலேஸ்வரியின் முகத்தை அறியாதவர் சிலர் இருக்கலாம். அவளுடைய விரதத்தை அறியாதவர் இல்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருந்து, அந்த ஆறு நாளிலும் வெங்காயப் பாத்திகளுக்கு நீர் கட்டத் தவறாதவள். ஐம்பத்தெட்டு வயதாகியும் உடம்பு அவள் சொற்கேட்டே நடந்தது. பித்தப்பையில் கல் விளைந்தபோதுதான் அது முதன்முதலாக அவளோடு மாறுபட்டது. நோவு கண்டால் வலது விலாவின் கீழே கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். மண்வெட்டியை ஊன்றி, அது கழியும்வரை நிற்பாள்.

கல்லோடு பையையும் எடுத்துவிட வேண்டும் என்று வைத்தியர் நாள் குறித்தார். அந்த நாளில் அவளுக்கு இருமல். மயக்கமருந்து கொடுக்க இயலாதென்று திருப்பி அனுப்பினார்கள். ஐந்து மாதங்கழித்து வந்த இரண்டாம் தவணையில் இரத்த அழுத்தம் ஏறி நின்றது, மீண்டும் திரும்பினாள். மூன்றாம் தவணையைக் குறித்த வைத்தியர், இன்னொருமுறை நோவு கண்டு பை பழுத்துவிட்டால் காரியம் சிக்கலாகும், இந்த நாளைத் தவறவிட வேண்டாம் என்றார். பாலேஸ்வரி அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றுமுதல் அவள் செய்த ஆயத்தம் ஒரு பெருவிரதத்துக்குரியது. கறிக்கு உப்பைக் குறைத்தாள். ஊறுகாய்ப் போத்தலை அயல்வீட்டுக்கு அனுப்பினாள். இரத்த அழுத்தத்துக்கான குளிசையை ஒருநாளும் விட்டாளில்லை. இருமல் தொற்றிவிடுமென்று, கணவன் தம்பிராசா சுருட்டுப் பற்றுவதானால் வேலிக்கு அப்பால் போகவேண்டும் என விதித்தாள். அவரும் மழையிலும் குடையோடு ஒழுங்கையில் நின்று புகைத்தார். போர்வை, தட்டம், கோப்பை, சுடுதண்ணீர்ப் போத்தல், மாற்றுடை எல்லாம் ஒரு பையில் அடங்கின. கிளினிக் கொப்பிக்குள் இரத்தப் பரிசோதனைத் துண்டுகளைத் திகதி வரிசையில் வைத்து நூலால் கட்டினாள். இம்முறை எந்தப் பக்கத்தாலும் தடை நுழைய வழியில்லை என்றே நம்பினாள்.

முதல்நாட் காலையில் நகரத்து ஆசுபத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். அடுத்த கட்டிலில் மானிப்பாய்த் தேவமலர். மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அதே வயது, அதே நோய்.

“எனக்கு மூண்டு கல்லு. உமக்கு எத்தினை?” என்று கேட்டார் தேவமலர்.

“எண்ண ஏலாதாம் ரீச்சர். குறுணியாய்க் கிடக்காம்.”

“அப்ப விளைச்சல் உம்மட்டைத்தான் கூட.”

மறுநாட் பட்டியலில் ஏழு பெயர். தேவமலர் முதலாவது, பாலேஸ்வரி இரண்டாவது. மாலையில் வித்தியா என்னும் தாதி வந்து, இரவுச் சாப்பாட்டின்பின் ஒன்றும் உண்ணவோ குடிக்கவோ கூடாதென்று இருவருக்கும் சொல்லிப் போனாள். தனக்கும் ஒருத்தி விரதம் சொல்லித் தருகிறாளே என்று பாலேஸ்வரி உள்ளூரச் சிரித்துக்கொண்டாள்.

விடிந்தது. ஆறேகாலுக்கு, பார்வையாளரை விடும் நேரத்தில், தம்பிராசா வந்தார். ஊர்ப் பிள்ளையாருக்கு அன்று முதற்பூசை அவர்களுடையது. அபிடேகப் பால் ஒரு கோப்பையும் படைத்த கதலி வாழைப்பழம் ஒன்றும் கொண்டுவந்தார். பாலேஸ்வரி நெற்றியில் திருநீறு அணிந்து, பாலைப் பருகி, பழத்தையும் உண்டாள். அவளுக்கு இதில் ஐயமே எழவில்லை. விரதத்தை முறிப்பது சோறு. பாலும் பழமும் விரதத்தின் உள்ளே இருப்பவை. பால்பழம் எடுத்த நாளிலும் ‘இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லை’ என்று சொல்வதே அவள் ஊர் வழக்கு. ஏழு மணிக்குத் தாதி வந்து கேட்டபோதும் அதையே சொன்னாள். தாதி குறித்துக்கொண்டு போனாள்.

தேவமலருக்குத் தொண்டை வறண்டது. தேத்தண்ணீர் இல்லாமல் விடிந்த காலை தன் வாழ்வில் இதுதான் முதல் என்று முறையிட்டார்.

“பழக்கம் வேணும் ரீச்சர். எனக்கு உது ஒண்டும் தெரியேல்லை. காலமை கோயில் பாலும் ஒரு பழமும், அவ்வளவுதான்” என்றாள் பாலேஸ்வரி.

தேவமலர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“பால் குடிச்சனீரோ?”

“ஓம். அபிசேகப் பால்.”

“அபிசேகப் பாலெண்டாலும் வயித்துக்குள்ளைதானே கிடக்குது. மயக்கத்திலை அது மேலாலை வந்து சுவாசப்பைக்குள்ளை போச்செண்டால் ஆளே தப்பாது. என்ரை மச்சாளுக்கு டொக்ரர் படம் கீறிக் காட்டினவர்.” சற்று நிறுத்தி, “உம்மைக் காட்டிக் குடுக்க மாட்டன். ஆனா நீர் போய்ச் சொல்லும்” என்றார்.

பாலேஸ்வரியின் கை தானாக வயிற்றின்மேல் போயிற்று. சொன்னால் நாள் போகும். இன்னும் ஐந்து மாதம், அதற்குள் பை பழுத்தால் என்னவோ. சொல்லாவிட்டால் ஒன்பதரைக்குத் தன் முறை, மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிள்ளையாரின் பாலைப் பிள்ளையாரே பார்த்துக்கொள்வார் என்றது ஒரு மனம். தன் பிழையைச் சுமக்கும்படி கடவுளை ஏவுவது பக்தி ஆகாது என்றது மறுமனம். அவள் செருப்பைக் கொழுவிக்கொண்டு தாதியின் மேசைக்கு நடந்தாள்.

“பிள்ளை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். காலமை பாலும் ஒரு பழமும் எடுத்தனான்.”

வித்தியா பேனையை வைத்துவிட்டுப் பார்த்தாள்; கோபமும் ஆறுதலும் அவள் முகத்தில் ஒன்றாய் நின்றன. உடனே மயக்கமருந்து வைத்தியரை அழைத்தாள். வந்தவர் இளவயதுப் பெண். எத்தனை மணி, எவ்வளவு பால் என்று கேட்டார். பாலும் பழமும் கழிய ஆறு மணித்தியாலம் வேண்டும், ஒன்பதரைக்கு இவரைச் சத்திரசிகிச்சை மேசையில் ஏற்ற முடியாது, வேறு நாள்தான் போடவேண்டும் என்றார்.

பாலேஸ்வரி கட்டிலுக்குத் திரும்பவில்லை.

“என்ரை பேரைக் கடைசியிலை போடுங்கோ டொக்ரர். பின்னேரமெண்டாலும் இருப்பன்.”

“நேரம் மிஞ்சும் எண்டு சொல்ல ஏலாதம்மா. நாலு மணிக்குப் பிறகு புதுசா ஒருத்தரையும் ஏத்த மாட்டினம். மிஞ்சாட்டி வீட்டைதான் போகவேணும்.”

“மிஞ்சாட்டிப் போறன். மிஞ்சினால் நான் ஆயத்தமா இருக்கவேணும்.”

 வைத்தியர் பட்டியலில் இரண்டாம் பெயரை வெட்டி ஏழாவதாக எழுதினார்.

கையில் சேலைன் ஏற்றினார்கள். இதுவும் விரதத்தில் சேருமோ என்று பாலேஸ்வரி உண்மையாகவே கேட்டாள். “உது வாயாலை போகேல்லை, பயப்பிடாதேங்கோ” என்றாள் வித்தியா.  பாலேஸ்வரி மனத்துக்குள் பதிகம் ஒன்றைத் தொடங்கினாள். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். தள்ளுகட்டில் ஒவ்வொரு முறை உருண்டபோதும் ஒரு பெயர் குறைந்தது. பதினொரு மணிக்குத் தேவமலர் திரும்பி வந்து, கண் திறவாமலே தேத்தண்ணீர் கேட்டார்.

நண்பகலில் நோயாளர் விடுதியெங்கும் சோற்றுப் பொதிகள் அவிழ்ந்தன. முருங்கைக்காய்க் குழம்பின் வாசம் கட்டில் கட்டிலாக நடந்தது. தம்பிராசா செய்தி கேட்டுத் தலை குனிந்து நின்றார். தான் அந்தப் பாலைக் கொண்டுவந்திருக்கக்கூடாது என்றார்.

“கொண்டுவந்தது நீங்கள், குடிச்சது நான். போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ. ஒராள் பட்டினி கிடந்தாக் காணும்.”

ஐந்தாவது நோயாளிக்கு நேரம் நீண்டது. இரண்டு மணியாயிற்று; இரண்டரையாயிற்று. சாப்பிட்டு வந்த தம்பிராசாவை வாயிற்காவலர் உள்ளே விடவில்லை; வாகை மரத்தடியில், பற்றவைக்காத சுருட்டொன்றை விரலிடையே உருட்டியபடி அவர் நின்றதை அவள் சன்னலால் கண்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. வாயை நனைக்கவென்று நீட்டப்பட்ட ஈரப் பஞ்சையும் தலையசைத்து மறுத்தாள். மீண்டும் ஒரு பிழைக்கு இடம் வைக்க அவள் ஆயத்தமில்லை.

மூன்று மணி முப்பத்தைந்துக்குத் தள்ளுகட்டில் அவள் பக்கம் திரும்பியது.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் முகமூடி கட்டிய அதே வைத்தியர் குனிந்து, ஏதும் வாயில் வைத்தீர்களா என்று கேட்டார்.

“ஆறேகாலுக்கு ஒரு கோப்பை பால், ஒரு கதலி வாழைப்பழம். அதுக்குப் பிறகு இப்ப மட்டும் என்ரை துப்பல் மட்டும்தான்.”

முகமூடிக்கு மேலே வைத்தியரின் கண் சிரித்தது. பாலேஸ்வரி விட்ட இடத்திலிருந்து பதிகத்தைத் தொடர்ந்தாள். எந்த அடியில் உறக்கம் வந்து மூடியது என்பது பின்னர் எவ்வளவு நினைத்தும் அவளுக்கு அகப்படவில்லை.

மறுநாட் காலையில், வயிற்றில் நான்கு சிறிய கட்டுகளோடு, அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். பக்கத்துச் சிறுமேசையில் போத்தலொன்றில் கற்கள் குறுணியாய்க் கிடந்தன. தேவமலர் அவற்றை எண்ணத் தொடங்கி, இருபதோடு கைவிட்டார். ஆறேகாலுக்குத் தம்பிராசா வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. விடுதி வாயிலில் நின்று, கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை விரித்துத் தாதிக்குக் காட்டினார்.

“மிஸி, இதை நெத்தியிலை பூசலாமோ?”

“பூசலாம் ஐயா. விழுங்கக் குடுக்காதேங்கோ.”

பாலேஸ்வரி சிரித்தாள், சிரிக்கக் கட்டுகள் நொந்தன. நோவைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து, அவர் பூசுவதற்கு நெற்றியைக் காட்டினாள்.