முன் சீட்டில் கேட்ட மூச்சு

பீரோவின் கீழ்த்தட்டில், உங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் தகரப் பெட்டிக்குள், ஒரு சாண் நீளத்தில் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று கிடக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சின்னவள் அதை எடுத்து, "இது எதுக்குப்பா, குப்பையில போட்டுரவா?" என்று கேட்டாள். பதறிப்போய் வாங்கிக்கொண்டேன். அதை வளைத்தால் நடுவில் ஒரு கீறல் வாயைத் திறக்கும். நிமிர்த்தினால் மூடிக்கொள்ளும். அப்புறம் எங்கே இருந்தது என்று தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் குழாயின் கதையை உங்கள் அம்மாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. பிள்ளைகள் நீங்களாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெரியவனுக்கு அப்போது மூன்று வயது. சின்னவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கித் திண்டுக்கல்லில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். கீரனூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவருடைய கார் அது. அவர் காலமான பிறகு அவர் மனைவி விற்றார். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. அவருக்கு இழுப்பு இருந்துச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப இந்த முன் சீட்டுலதான் மூச்சு நின்னுச்சு. நாளைக்கு வேற யாரும் சொல்லித் தெரியக் கூடாது பாருங்க" என்றார். நல்ல மனுஷி. நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

வியாழக்கிழமைதோறும் எனக்கு ஒரு நிரந்தரச் சவாரி கிடைத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். ஊரே அவரை ஆப்பரேட்டர் அம்மா என்றுதான் சொல்லும். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வேடசந்தூரில் படுக்கையாகக் கிடந்த தங்கையைப் பார்க்கப் போவார். முதல் நாள், காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரம், விடிந்ததிலிருந்து ஸ்டாண்டில் நின்றிருந்த வண்டியில் கையைப் பிடித்து அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். நான் சுற்றி வந்து ஏறி, சட்டைப் பையில் துழாவிக்கொண்டிருந்தபோது, "முன்னாடி யாருப்பா உக்காந்திருக்கிறது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லைங்கம்மா. நம்ம ரெண்டு பேருதான்."

"மூச்சு விடுறாரே. ஆம்பளை. வயசானவரு. இழுப்பு வேற இருக்கு."

லைனில் பேசாமல் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு நிற்பவர்களை வருஷக் கணக்கில் கேட்டுப் பழகிய காது அது. ஆணா பெண்ணா, அழுதுவிட்டு வந்தவரா, ஓடி வந்தவரா என்பதை மூச்சிலேயே சொல்லிவிடுவேன் என்பார். அன்று வேடசந்தூர் போவதற்குள் எனக்கும் கேட்டது. வேகத்தடை வரும்போதெல்லாம், ஆக்ஸிலேட்டரிலிருந்து நான் காலைத் தூக்கியதும், இடது பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு இழுப்பு. மில் பஸ் ஒன்று எதிரே வர, நான் ஒதுங்கி நின்றபோது இன்னும் தெளிவாகக் கேட்டது. முன் சீட்டைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்திருந்தது. மைலேஜ் பாதியாகிவிட்டது. காலியாகப் போனாலும் ஆள் ஏற்றிய வண்டி போலக் குடித்தது. பேகம்பூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் இருந்தார். காலையில் கொண்டுபோய் விட்டால் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். டயரில் காற்று சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார், தங்குதடையில்லாமல் சுற்றியது. பிளக்கைக் கழற்றினால் மட்டும் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுத்திருந்தது. "இம்புட்டுப் பசியை நான் கல்யாண வீட்டுலகூடப் பாத்ததில்லப்பு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான் வண்டி பாரம் இழுக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டேன். உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். முன் சீட்டுக்குச் சூடம் காட்டினேன். ஒரு வாரம் அந்தச் சீட்டில் ஆள் ஏற்றாமல்கூட ஓட்டினேன். பெட்ரோல் செலவு குறையவே இல்லை.

நாலைந்து வியாழக்கிழமை கழித்து, வேடசந்தூரிலிருந்து திரும்பும் வழியில், என்னால் அடக்க முடியாமல் ஆப்பரேட்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இறந்தவரைச் சொன்னேன், பெட்ரோலைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் சிறுமலைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்ததையும், மாசமாக இருப்பவளை அந்தச் சீட்டில் உட்கார வைக்கப் பயமாக இருப்பதையும் சொன்னேன்.

அவர் முன் சீட்டுப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "ஏம்ப்பா, ரோட்டுல வண்டி நேரா ஓடுறப்ப இந்தச் சத்தம் இல்ல. நீ வேகத்தைக் குறைச்சாத்தான் கேக்குது. செத்தவருக்கு வேகத்தடை எதுக்கு?" என்றார். "இஞ்சினை அமத்தாம சூட்டோட மெக்கானிக்கிட்ட விடு. நான் உள்ளேயே இருக்கேன்."

பாய் பானெட்டைத் திறந்தார். இஞ்சின் நடுங்கிக்கொண்டு ஓடியது. அம்மா உள்ளே இருந்தபடி, "இன்னும் உள்ளாற, என் பக்கமா" என்று சொல்லச் சொல்ல, பாயின் கை, இஞ்சினுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரோரமாகப் போன ஒரு குழாயைத் தொட்டது. வளைவில் விரலால் பொத்தினார். மூச்சு நின்றது. இஞ்சினும் சீரானது.

"ஏலே அப்பு, பேயும் இல்ல பிசாசும் இல்ல, பொத்தல்! குளுந்து கிடக்கையில வாயை மூடிக்கிருது, சூடேறுனாத் தொறந்துக்கிருது. காலையில கொண்டாந்து நிப்பாட்டுனா எப்படித் தெரியும்? இஞ்சின் ஓடுனாத்தான் இது மூச்சு வாங்கும். அமத்திட்டா செத்த பாம்பு." வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே புகுந்ததால்தான் இஞ்சின் நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கத்தை நிறுத்த பாய்தான் ஒரு மாதம் முன்பு கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூடுதலாகத் திறந்துவிட்டிருக்கிறார். "என் கையாலயே குடிக்க வச்சிருக்கேன்" என்று தலையில் தட்டிக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறியது. "இது பிரேக்குக்குப் போற குழாயி. மிதி கல்லு மாதிரி, எம்புட்டு அமுக்குனாலும் சரியாப் பிடிக்காம இருந்திருக்குமே?"

"இருந்துச்சு பாய். பழைய வண்டின்னு நெனைச்சேன்."

"ஞாயித்துக்கெழம எங்க போறேன்னு சொன்னே?" என்று ஆப்பரேட்டர் அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

சிறுமலை என்று சொன்னேன். மலையிறக்கத்தின் வளைவுகள் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். பாய் குழாயைக் கழற்றி என் கையில் வைத்தார்.

புதுக் குழாய் போட்டோம், மைலேஜ் பழையபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மலையேறி இறங்கினோம். லேசாக மிதித்ததுமே பிரேக் பிடித்தது. உங்கள் அம்மா முன் சீட்டில் பெரியவனை அணைத்தபடி தூங்கிக்கொண்டே வந்தாள். ஆப்பரேட்டர் அம்மா காலமாகும் வரை வியாழக்கிழமைச் சவாரி நிற்கவில்லை. தங்கைக்கு வாங்கிய பழங்களோடு கனத்த பையைத் தூக்கிக்கொண்டு வருவார். முன் சீட்டில் வைத்துவிடவா என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "வேணாம்ப்பா, மடியிலயே இருக்கட்டும்" என்பார்.

இப்போது நான் ஓட்டும் வண்டிக்குச் சாவியைத் திருகும் வேலை கிடையாது. பொத்தானை அமுக்கினால் போதும். போன வாரம் அதை அமுக்கப் போனவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த முதல் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. "முன்னாடி யாருப்பா" என்று அந்த அம்மா கேட்டபோது நான் சட்டைப் பையில் துழாவியது சாவியைத்தான். வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. இஞ்சின் குளிர்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து குழாயை வளைத்தேன். கீறல் வாயைத் திறந்தது. காதோரம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அங்கேயே இருக்கட்டும்.