டாப் கியரைத் தேடிய அண்ணாச்சி

கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பழுது பார்க்கிற தொழிலில், வண்டியின் கோளாறு நாலு போல்ட்டைக் கழற்றினால் தெரிந்துவிடும். ஓட்டுகிறவரின் கோளாறுக்கு எந்த ஸ்பேனரும் சேராது. ராஜபாளையம் தென்காசி ரோட்டில் பத்தொன்பது வருசமாக இந்த வண்டிகளை மட்டும் பார்த்து வருகிறேன். எனக்குப் பேச்சு குறைவு. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் எண்ணிக்கை தப்பாது. "பிக்கப் இல்ல" என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்த சக மெக்கானிக்குகளே, கீழே வருகிறவர்கள் உங்கள் கடைக்கும் வந்திருப்பார்கள். பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

செகண்டிலேயே நிற்கும் வண்டி

ஞானமுத்து அண்ணாச்சி முப்பத்தொரு வருசம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். புது ஸ்கூட்டர் வாங்கிப் பதினொன்றாம் நாள் என் கடை முன்னால் நிறுத்தினார். "தம்பி, கியர் மாற மாட்டேங்குது. செகண்டிலேயே நின்னு கத்துது" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். இருபதிலிருந்து ஐம்பதுக்கு, நான் ஒன்பது எண்ணுவதற்குள் போனது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வண்டிகளில் வேகம் காட்ட முள் உண்டு. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட முள் கிடையாது. அதனால் எல்லாரும் காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள். பஸ்ஸில் சத்தம் ஏறும், கியர் மாற்றினால் இறங்கும், மறுபடி ஏறும். இதில் அப்படி இல்லை. எஞ்சின் தனக்குத் தோதான ஒரு சுற்றில் நின்றுகொள்ளும்; பெல்ட்டுதான் கப்பியில் ஏறி இறங்கி வேகத்தைக் கூட்டும். சத்தம் ஒன்றே, வேகம் மட்டும் வளரும். இதை நான் கவரைக் கழற்றிக் காட்டி, என் பாணியில் ஆறு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அவர் கப்பியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"முப்பத்தொரு வருசம் நான் மாத்தித்தான் வண்டி ஏறிச்சு. எனக்குத் தெரியாம அதுவா மாத்திக்கிடுதுன்னா, அப்ப நான் எதுக்கு மேல உக்காந்திருக்கேன்?"

உள்ளே ஒளித்து வைத்த கயிறு

மறு வாரம் அண்ணாச்சி டயரில் காற்றுப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தபோது, சோழபுரத்திலிருந்து தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு சம்சாரி வந்தார். பிளவக்கல் பக்கம் மேட்டில் வண்டி ஏறவில்லையாம். வீட்டில் நடு ஸ்டாண்டு போட்டு ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால், ஒரு அளவுக்கு மேல் எஞ்சின் பட்பட்டென்று வெட்டுகிறதாம். "உள்ள கம்பெனிக்காரன் ஏதோ கட்டு வெச்சிருக்கானாம்ல? அதைப் பிடுங்கிப் போட்டுருங்கண்ணே" என்றார்.

கட்டு இருப்பது நிஜம். சுற்று எல்லை மீறினால் வால்வு உடையாமல் இருக்க, ஒரு சின்னப் பெட்டி தீப்பொறியை நிறுத்தி நிறுத்தி விடும். ஆனால் பாரத்தோடு மேடு ஏறும்போது எஞ்சின் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. அன்றைக்கு வண்டியில் என்ன இருந்தது என்று கேட்டு ஒவ்வொன்றாகக் கூட்டினேன். அவர் எண்பத்திரண்டு கிலோ, அவர் தம்பி எழுபத்தொன்று, முன்னால் தேங்காய் மூட்டை நாற்பது. ஆக நூற்றுத் தொண்ணூற்று மூன்று. "பெட்டி பிடிக்கல. மூட்டை பிடிக்குது" என்றேன். அன்றைக்கு நான் பேசியதிலேயே அதுதான் நீளம். அவருக்கு மூட்டையைப் பற்றிக் கவலை இல்லை. பெட்டியைத்தான் வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

"காளைக்குக்கூட மூக்கணாங்கயிறை வெளிய தெரியத்தான் கட்டுதோம். இவன் உள்ள ஒளிச்சு வெச்சுல்லா வித்திருக்கான்!"

எஸ்தர் அக்காவின் தலை

அதற்கு மூன்றாம் நாள், அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வீட்டில் ஸ்கூட்டர் இருக்க, பஸ்ஸில். பெண்கள் வந்தால் நான் தலை குனிந்து ஏதாவது நட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு ஒரே நட்டை நாலு தடவை துடைத்தேன்.

விஷயம் இதுதான். ஞாயிறுதோறும் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, சேர்ந்து போய்வரத்தான் அண்ணாச்சி வண்டியே வாங்கினார். இரண்டு ஞாயிறு போனார்கள். மூன்றாம் ஞாயிறு அக்கா பின்னால் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தொரு வருசத்தில் அவர் வண்டியில் ஏற மாட்டேன் என்று மறுத்த ஒரே பிரயாணி, கட்டிய மனைவி. அதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லையாம். மதுரையிலிருக்கும் மருமகன் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதற்குள் அக்கா ஏறினால் வண்டி இங்கே. இல்லையென்றால் அதை மருமகனுக்கே கொடுத்து மதுரைக்கு அனுப்பிவிடுவதென்று வீட்டில் முடிவு. "அவியளுக்கு அந்த வண்டின்னா உசிருண்ணே. ஏதாச்சும் பண்ணுங்க" என்றார்கள். பின்னால் உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்று நட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"போகும், நிக்கும், போகும், நிக்கும். என் தலை முன்னயும் பின்னயும் ஆமா ஆமான்னு ஆடுது. கல்யாணம் முடிஞ்ச நாள்லேருந்து இவியளுக்கு நான் இம்புட்டு ஆமா போட்டதில்லண்ணே!"

நாற்பத்தாறு தடவை

அடுத்த நாள் அண்ணாச்சிக்குப் பின்னால் நானே ஏறினேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை வரை எண்ணினேன். என் தலை நாற்பத்தாறு தடவை ஆடியது.

காரணம் முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. எஞ்சின் சத்தம் ஏறி ஒரே நிலையில் நிற்கும். பஸ்ஸில் அது கியர் மாற்றச் சொல்லும் சத்தம். உடனே அவர் வலது கை ஆக்சிலேட்டரை முழுசாக விட்டுவிடும். இடது கால், இல்லாத கிளச்சைத் தேடி, ஃபுட்போர்டை ஒரு மிதி மிதிக்கும். வண்டி சோர்ந்ததும் மறுபடி முறுக்குவார். அதாவது இல்லாத கியரை ஒழுங்காக மாற்றிக்கொண்டே வந்தார். இடையில் ஒருமுறை, "இப்பத்தான் டாப்புல விழுந்திருக்கு" என்று திரும்பிச் சொல்லிச் சந்தோசப்பட்டார். இறங்கியதும் மெதுவாகச் சொன்னேன்: "அண்ணாச்சி, நீங்க கையை விடாதீக. சத்தம் அப்படித்தான் நிக்கும்." அவர் தன் கையை விரித்து, பிறத்தியார் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் விடலை தம்பி. காது சொல்லுது, கை கேக்குது. நடுவுல என்னை யாரும் கேக்கலை."

பஞ்சும் விசிலும்

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தார். ஊர் ஊராக ஆஸ்பத்திரிப் பஞ்சு தயாரித்து அனுப்புகிற ராஜபாளையத்தில் பஞ்சுக்கா பஞ்சம்? காது கேட்டால்தானே கை இறங்கும் என்று அவரே கண்டுபிடித்த வைத்தியம். தலை ஆடவில்லைதான். ஆனால் பின்னால் லாரி ஹார்ன் அடித்ததும் கேட்கவில்லை. நான் இடுக்கியால் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டேன். அதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கிய எஸ்தர் அக்காதான் கேட்டார்கள்: "ஏங்க, பஸ்ல பாதி வழியில சத்தம் கேட்டு நீங்களா நிறுத்துவியளா? கண்டக்டர் விசில் அடிச்சாத்தானே?" அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெண்டு விசிலுக்குப் போக வேண்டும், ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும். அது அவர் ரத்தத்தில் ஊறியது. அக்கா எதிர்க் கடையில் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கி வந்து, பின்னால் ஏறி ரெண்டு ஊது ஊதினார்கள். அண்ணாச்சி பிடியை முறுக்கி, அடுத்த விசில் வரும்வரை விடுவதில்லை என்று அப்படியே வைத்தார். எஞ்சின் கத்தியது, கை அசையவில்லை. மாட்டாஸ்பத்திரி வரை போய்த் திரும்பினார்கள். ஆட்டம் பூஜ்யம். குறுக்கே ஆடு வந்தால் மட்டும் பிரேக் பிடிக்கலாம், விசில் வேண்டாம் என்று ஏற்பாடு. அக்கா இறங்கி விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்.

"இது தெரிஞ்சிருந்தா கல்யாணத்தன்னைக்கே ஒண்ணு வாங்கியிருப்பேன்."

கோவில் வாசல்

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பின்னால் நாற்பதடி விட்டு என் வண்டியில் போனேன். அண்ணாச்சி நாற்பத்தைந்தில் நூல் பிடித்த மாதிரி ஓட்டினார். அக்கா மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் வாசலில் மருமகன் வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார். இப்போது ஒரு விசில் வர வேண்டும். வரவில்லை. வண்டி மருமகனைத் தாண்டியது, கோவிலைத் தாண்டியது, அதே நாற்பத்தைந்தில் போய்க்கொண்டே இருந்தது. நான் ஹார்ன் அடித்துப் பார்த்தேன். ஹார்ன் கணக்கில் இல்லை. சரியாக இரண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர் தாண்டி ஒரு விசில் கேட்டது. வண்டி நின்றது.

திரும்பி வந்தபோது ஆராதனையில் முதல் பாட்டு முடிந்திருந்தது. "கோவில் தெரியலையா மாமா?" என்று மருமகன் கேட்டார். "கோவில் தெரிஞ்சுது மாப்ள. விசில் வரலையே" என்றார் அண்ணாச்சி. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "மருமவன் பாத்துக்கிட்டு நிக்கையில எப்படிண்ணே விசில் ஊத? கூச்சமா இருக்காதா? எடுத்து மடியில ஒளிச்சிட்டேன்" என்றார்கள். அண்ணாச்சி வண்டிச் சாவியைக் கையில் எடுத்து, நீட்டவும் முடியாமல் பைக்குள் போடவும் முடியாமல் நின்றார். மருமகன் சாவியைப் பார்த்தார், அத்தையின் மடியைப் பார்த்தார், கடைசியில் மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"சாவியைப் பைக்குள்ள போடுங்க மாமா. அடுத்த தடவை வந்தா நான் வாசல்ல நிக்கலை, உள்ள போயி உக்காந்துக்கிடுதேன்."

அதன் பிறகு என் கடைக்கு யார் வந்து பிக்கப் இல்லை என்று சொன்னாலும், வண்டியைத் தொடுவதற்கு முன்னால் பின் சீட்டில் உட்காருகிறவரைக் கூட்டிவரச் சொல்லிவிடுகிறேன்.