சேஸியில் புதுப் பெயிண்ட்

பழைய வாகனம் பார்க்கப் போகும் நாளில் நான் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன். வயிறு நிறைந்திருந்தால் வண்டிக்கு அடியில் புகுந்து படுக்க முடியாது. அடியைப் பார்க்காதவன் வண்டி பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். கண்டி மஹய்யாவையில் கராஜ் வைத்திருந்த காலத்தில் இப்படி எத்தனையோ பேர் என்னை அழைத்துப்போனார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது தெல்தெனியப் பிக்கப்பின் கதை.

என்னைக் கூப்பிட்டவர் புசல்லாவைச் செல்வராணி. தோட்டங்களில் லீக்ஸ், கோவா என்று மரக்கறி வாங்கிக் கண்டிச் சந்தைக்கு அனுப்புகிறவர். புருஷன் இல்லை. வாடகை லொறி தான் நினைத்த நேரத்துக்குத்தான் வரும். அதற்குள் சரக்கு வாடிவிடும். அதனால் நகையை விற்றுச் சொந்தமாக ஒரு பிக்கப் எடுக்க முடிவுசெய்திருந்தார். வண்டியைத் தேடிப் பிடித்தது அவருடைய தம்பி சிவா. முன்பு பஸ் ஓட்டியவன், அப்போது வேலையில்லாமல் இருந்தான்.

"அண்ணே, என்ஜின் செய்யணுமாம். அதுக்கு நான் தயாருதான். ஆனா இதுல ஏமாந்துட்டா எனக்கு இன்னொரு வாட்டி கெடையாது" என்றார் செல்வராணி.

மூவரும் தெல்தெனியவுக்கு பஸ்ஸில் போனோம். பிக்கப்பின் சொந்தக்காரர் அங்கே ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. நான் கேட்பதற்கு முன்பே குறைகளைச் சொல்லத் தொடங்கினார். என்ஜின் ஒயில் குடிக்கிறது, கிளட்ச் முடிந்துவிட்டது, ரேடியேட்டரும் ஒழுகுகிறது என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. விற்கிறவன் தானாக முன்வந்து குறை சொன்னால், சொல்லாத குறை ஒன்று பெரிதாக இருக்கும் என்பது என் அனுபவம். ஸ்டார்ட் செய்து பார்த்தேன். நீலப் புகை வந்தது. அவர் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

சிவா அவசரப்பட்டான். என்ஜின் நல்லதுதான், பிஸ்டன் ரிங் மாற்றினால் போதும், வேறு ஆளும் கேட்டு வந்திருக்கிறார்களாம் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் சாக்கை விரித்து அடியில் புகுந்தேன்.

முன்பக்கம் முழுவதும் துருவும் காய்ந்த சேறும். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் மட்டும், வண்டியையே தாங்கும் அடிச்சட்டமான சேஸி கறுப்பாக மினுங்கியது. விரலை வைத்தேன், ஒட்டியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். கீழே சேஸியின் குறுக்காக ஒரு வெல்டிங் தழும்பு. உடைந்து ஒட்டிய சேஸி.

வெளியே வந்து கையைத் துடைத்தேன். "நானா, சேஸி ஒடஞ்ச வண்டிக்குப் பெயிண்ட் பூசி மறைச்சிருக்கீங்களே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என்னை விட்டுவிட்டுச் சிவாவைப் பார்த்தார். "சேஸி ஒட்டினதெண்டு நான் முதல் நாளே இவருக்குச் சொன்னேனே. அது தெரிஞ்சுதான் நீங்க வந்தீங்களெண்டு நெனச்சேன். நேத்து கழுவிக் குடுக்கிறேனெண்டு சாவி வாங்கினதும் இவருதான். பெயிண்ட் பூசின கதை எனக்குத் தெரியாது."

செல்வராணி தம்பியின் பக்கம் திரும்பினார். அவன் தலையைக் குனிந்தபடி பேசினான்.

"சொன்னா நீ வேணான்னுருவ. வண்டி இருந்தாத்தானே எனக்கு வேல, அக்கா."

அவனைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னிடம், இதை எடுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். என்ஜினை நான் செய்து தருவேன், ஆனால் ஒட்டிய சேஸியில் சரக்கு ஏற்றி ரம்பொடைப் பக்கத்து மலை வளைவுகளில் யாரும் இறங்கக் கூடாது, ஓட்டப்போவது உங்கள் தம்பிதான் என்றேன். நானாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் அக்காவும் தம்பியும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு, வண்டி பார்க்கக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது விற்கிறவர் யார் என்பதை அல்ல. இந்த வண்டியைக் கண்டுபிடித்தது யார், இது கைக்கு வந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பேன். மறைக்கிற கை வாங்குகிறவன் வீட்டிலும் இருக்கலாம்.

பல மாதம் கழித்துச் செல்வராணி கட்டுகஸ்தோட்டையில் இன்னொரு பிக்கப் பார்க்கக் கூப்பிட்டார். சிவாவும் வந்திருந்தான். அக்கா அவனைத்தான் முதலில் அடியில் போகச் சொன்னார். சட்டை முழுக்கச் சேறோடு வெளியே வந்து, குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் ஒரு வெடிப்பு, மற்றபடி சேஸி சுத்தம் என்றான்.

செல்வராணி என்னைப் பார்த்தார். நான் சாக்கை விரித்தேன். அவன் சொன்னது சரியாகவே இருந்தது.